விற்றதோடு முடிந்துவிட்டதா வியாபாரம்? ட்ரெட்மில் தந்த படிப்பினை

எமது வீடுகளுக்கு அண்மைக் காலமாக ஒரு புதிய தளபாடம் வந்து சேர்ந்திருக்கிறது. வரவேற்பறையின் மூலையில் அல்லது மாடிக் கூடத்தின் ஜன்னலோரத்தில் அது நிற்கும். அதன் இரண்டு கைபிடிகளிலும் துவாய் காயும். கீழே பிள்ளைகளின் பாடசாலைப் பைகள் கிடக்கும். இது என்னவென்று கேட்டால், "அது ட்ரெட்மில், இப்ப வேல செய்யிறல்ல" என்று பதில் வரும். எவ்வளவு காலமாக என்று கேட்டால் வீட்டுக்காரர் மனைவியைப் பார்ப்பார், மனைவி கூரையைப் பார்ப்பார்.

வழமையாக விலைவாசி, தவணை, காசோலை, கடன் என்று எழுதுகின்ற இந்தப் பத்தியில் இன்று ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுதுவது ஏன் என வாசகர்கள் நினைக்கக் கூடும். இதுவும் வியாபாரம் பற்றிய விடயம்தான். அதிலும் நானே குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கின்ற விடயம்.

நான் மின்சார வீட்டுப் பாவனைப் பொருட்கள் விற்பவன். மின்விசிறி, ரைஸ் குக்கர், குளிர்சாதனப் பெட்டி என்று முப்பது வருடங்களாக இதே தொழில். இறக்குமதியாளன் அல்லன். புறக்கோட்டையில் எடுத்து ஊரில் விற்கின்றவன். வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கிய பின்னர் ட்ரெட்மில்லையும் கடையில் வைத்தேன். சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று எமது வீடுகளில் மாத்திரைப் பெட்டி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாரத்திற்கு ஆகக் குறைந்தது 150 நிமிடங்களாவது உடலை அசைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டொக்டர்மாரும் "நடவுங்கள்" என்றுதான் சொல்கிறார்கள். எங்கே நடப்பது? ஆண்களுக்கென்றால் ஒரு மைதானமோ கடற்கரையோ கிடைத்துவிடும். எமது பெண்களின் நிலைமை அப்படியல்ல. காலையில் பிள்ளைகளை அனுப்ப வேண்டும், பிறகு சமையல், பின்னேரம் விருந்தாளிகள். வீட்டுக்கு வெளியே இறங்கினால் நடைபாதை இல்லாத பாதை, முச்சக்கரவண்டி, தெருநாய். ஆகவே அந்த இயந்திரத்தை ஆடம்பரப் பொருளாக நான் பார்க்கவில்லை. பல வீடுகளில் ஒரு தாய் நடக்கக் கூடிய ஒரே பாதை அதுதான். அது நின்றுவிட்டால் அவரது நடையும் நின்றுவிடும்.

எனது மகளுக்குப் படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 2020ஆம் ஆண்டு ஊரடங்குச் சட்டம் தளர்ந்த காலத்தில் எனது கடையில் ஒரு ட்ரெட்மில் வாங்கினார். ஓய்வூதியத்தில் சேமித்த பணம். லொறியில் ஏற்றி அனுப்பினோம், பையன்கள் பூட்டிக் கொடுத்தார்கள், ஒரு வருட உத்தரவாத அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தேன். அத்தோடு எனது கடமை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

2022ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் அவர் கடைக்கு வந்தார். ஆள் ஏறாவிட்டால் இயந்திரம் ஓடுகிறது, ஏறி நடந்தால் விட்டுவிட்டு இழுக்கிறது, சில நேரம் ஒரு கருகல் மணம் வருகிறது என்றார். நான் அட்டையின் திகதியைப் பார்த்தேன். "வொரண்டி முடிஞ்சி டீச்சர்" என்று சொல்லி, பொருளைக் கொண்டுவந்த கம்பனியின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் இயந்திரத்தைக் கொழும்புக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மனித எடையை விடக் கூடிய எடை, லொறிக் கூலி வேறு. இவர் யோசித்துக் கொண்டிருந்த இடைவெளியில் இயந்திரம் முற்றாக நின்றுவிட்டது. பிறகு வந்து பார்த்த ஒருவர் கட்டுப்பாட்டு போர்ட் எரிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். அந்தக் காலம் எப்படிப்பட்டதென்று வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். வருட ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாவையும் தொட்டது. உதிரிப்பாகம் இறக்குவதற்கு வங்கியில் டொலர் இல்லை. போர்ட் வரவில்லை. ட்ரெட்மில் துணி காயும் கொடியாக மாறியது. கடைசியில் பழைய இரும்பு வாங்குபவன் தூக்கிச் சென்றான்.

இதனை அவர் என்னிடம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஒரு மின் அழுத்தி வாங்க வந்த இடத்தில், சீனி ஏறி மாத்திரையைக் கூட்டியிருப்பதாகச் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னார். நானும் "என்ன செய்யிற டீச்சர், நாட்டு நிலைமை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாட்டு நிலைமை மாத்திரம் அல்ல என்பது சில மாதங்களின் பின்னர் எனது வீட்டிலேயே தெரிய வந்தது. மனைவி நடக்கின்ற இயந்திரத்திற்கும் அதே வருத்தம் வந்தது. சும்மா ஓடும், ஏறினால் இழுக்கும். ஒரு நாள் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டானது. அயலூரிலிருந்து உடற்பயிற்சி நிலையங்களின் இயந்திரங்களைத் திருத்துகின்ற ஒரு தம்பியை அழைத்தேன். அவர் வந்து ப்ளக்கைக் கழற்றிவிட்டு, ஓடும் பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். பிறகு கையை எடுத்து என்னிடம் காட்டினார். விரல்களில் கறுப்புத் தூள்.

"நானா, இதுக்கு எத்தின வருஷமா எண்ணெ போடல்ல?"

"எண்ணெயா? இதுக்கு எண்ணெ போடணுமா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்கதானே நானா இத விக்கிற?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பெல்ட்டைத் தளர்த்தி, பலகையைத் துடைத்து, சிலிக்கோன் எண்ணெய் விட்டு, மூடியைத் திறந்து தூசை எடுத்து, மீண்டும் இறுக்கினார். இயந்திரம் இன்று வரை ஓடுகிறது. டீச்சருடைய இயந்திரமும் இதே குறையால்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்பதை அவர் சொன்ன அடையாளங்களை வைத்து இப்போது என்னால் ஊகிக்க முடிகிறது. அவர் முதல் தடவை கடைக்கு வந்த அன்று அதற்கு மருந்து ஒரு சிறு போத்தல் எண்ணெய். நான் எழுதிக் கொடுத்ததோ ஒரு தொலைபேசி இலக்கம்.

ட்ரெட்மில்லின் உள்ளே பெரிய மர்மம் ஒன்றுமில்லை. முன்னும் பின்னும் இரண்டு ரோலர்கள். அவற்றைச் சுற்றி நாம் நடக்கின்ற பெல்ட். அந்தப் பெல்ட்டுக்கு அடியில், நமது எடையைத் தாங்குகின்ற வழுவழுப்பான பலகை. முன்பக்க மூடிக்குள் ஒரு மோட்டர். மோட்டரிலிருந்து முன் ரோலருக்கு வரிவரியான ஒரு சிறிய பெல்ட். பக்கத்தில் கட்டுப்பாட்டு போர்ட். நாம் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழு எடையும் பெல்ட்டை அந்தப் பலகையோடு சேர்த்து அமுக்குகிறது. மோட்டர் அந்த உராய்வை மீறித்தான் பெல்ட்டை இழுக்க வேண்டும். இடையில் வழுக்கும் எண்ணெய் இருந்தால் இலேசாக இழுக்கும். காய்ந்திருந்தால் அதே வேலைக்குக் கூடுதலான கரண்டை இழுக்கும். கரண்ட் கூடினால் சூடு கூடும். அந்தச் சூடு முதலில் பெல்ட்டின் அடிப்பக்கத்தையும் பலகையின் பூச்சையும் தின்னும், அடுத்து மோட்டர், கடைசியில் போர்ட். போர்ட் எரிந்த பிறகுதான் நாம் பாஸை அழைக்கிறோம். அவர் எரிந்ததை மாற்றுவார். எரித்த காரணம் அடியில் அப்படியே இருக்கும். காய்ந்த பெல்ட்டோடு புதிய போர்ட்டைப் பூட்டினால் அதுவும் எரியத்தான் செய்யும்.

இன்னொரு விடயமும் அந்தத் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெதுவாக நடந்தால் இயந்திரத்திற்குக் கஷ்டம் இல்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். எடை கூடிய ஒருவர் மணிக்கு 2 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து நடப்பதுதான் மோட்டருக்குப் பெரிய பாரம். கால் பெல்ட்டில் ஊன்றியிருக்கும் நேரம் கூட, மோட்டரோடு சேர்ந்து சுற்றுகின்ற அதன் விசிறியும் மெதுவாகவே சுற்றுவதால் காற்றும் குறைவு. முழங்கால் வலியோடு மெதுவாக நடக்கின்ற உம்மாமாருக்கு வாங்கிக் கொடுக்கின்ற இயந்திரத்துக்குத்தான் எண்ணெய் அதிகம் தேவை என்று இதற்கு அர்த்தம்.

எண்ணெய் போடுவது பெரிய கலை அல்ல. ப்ளக்கைக் கழற்ற வேண்டும். பெல்ட்டின் ஓரத்தைச் சற்று உயர்த்தி, நாம் கால் வைக்கின்ற நடுப்பகுதிக்கு அடியில் பலகையின் மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் விட வேண்டும். எல்லாமாக ஒரு மேசைக்கரண்டி அளவு போதும். பிறகு ப்ளக்கைப் போட்டு, எவரும் ஏறாமல், ஆக மெதுவான வேகத்தில் சில நிமிடங்கள் ஓட விட்டால் எண்ணெய் பரவிவிடும். அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் பெல்ட் வழுக்கும், வழிந்த எண்ணெயில் தூசு ஒட்டும். தினமும் நடக்கின்ற வீட்டில் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை கையை விட்டுத் தடவிப் பார்த்துப் போட்டால் சரி. கையில் எண்ணெய்ப் பசை தெரிந்தால் இன்னும் தேவையில்லை. சில இயந்திரங்களின் பெல்ட் தொழிற்சாலையிலேயே மெழுகிட்டு வருவது. அதற்கு எண்ணெய் போடக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருக்கும். ஆகவே கையேட்டை முதலில் பார்க்கவும்.

எந்த எண்ணெய் என்பதில்தான் எமது வீடுகளில் அதிகம் தவறு நடக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டவரை நான் கண்டிருக்கிறேன். தையல் மெசின் எண்ணெய், வாகன எஞ்சின் ஒயில், துருப்பிடித்த ஆணி கழற்றுகின்ற ஸ்ப்ரே என்று கையில் கிடைத்ததையெல்லாம் அடிக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் பிசினாகிப் பலகையில் ஒட்டிக் கொள்ளும். பெற்றோலிய எண்ணெய் வகைகள் பெல்ட்டையும் அதன் பசையையும் கெடுக்கும். கலப்பில்லாத சிலிக்கோன் எண்ணெய் மாத்திரமே இதற்குரியது. அதன் விலை டொக்டரை ஒரு தடவை பார்க்கின்ற கட்டணத்தை விடக் குறைவு.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குவதும் அடிக்கடி வருகின்ற முறைப்பாடு. இயந்திரம் கெட்டுவிட்டதென்று இதற்கும் பயப்படுகிறார்கள். தரை சமமில்லாவிட்டாலும் அப்படி ஒதுங்கும். முதலில் இயந்திரம் நான்கு காலிலும் ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்கவும். பிறகு பின்பக்கத்தில் இடமும் வலமும் இருக்கின்ற இரண்டு போல்ட்களில்தான் வேலை. பின்னால் நின்று பார்க்கும்போது பெல்ட் வலது பக்கம் ஒதுங்கியிருந்தால் வலது போல்ட்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று மாத்திரம் இறுக்க வேண்டும். இடது பக்கம் என்றால் இடது போல்ட். இறுக்கிய பக்கத்தை விட்டுப் பெல்ட் மறுபக்கம் நகரும். மெதுவாக ஓடவிட்டு ஓரிரு நிமிடங்கள் பொறுத்திருந்து பார்த்து, தேவையானால் இன்னொரு கால் சுற்று. பொறுமையில்லாமல் முழுச் சுற்றாகத் திருகிவிட்டு, பிறகு மறுபக்கம் ஒதுங்கிவிட்டதென்று அந்தப் பக்கத்தையும் திருகினால் கடைசியில் பெல்ட் வீணைக் கம்பி போல் இறுகிவிடும். அளவுக்கு மேல் இறுகிய பெல்ட் ரோலரின் பெயாரிங்கைத் தின்றுவிடும். பெல்ட்டின் நடுவே ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பலகையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உயர வேண்டும். அதுதான் பொதுவான அளவு. போல்ட்டில் வேலை செய்பவர் தளர்ந்த சாரமோ தொங்குகின்ற முந்தானையோ இல்லாமல் செய்யட்டும். பெல்ட் ஓடிக் கொண்டிருக்கும்போது ரோலருக்குக் கிட்ட விரலைக் கொண்டு போகவே கூடாது.

நடக்கும்போது பெல்ட் நின்று நின்று வந்தால் தளர்ச்சிதான் காரணமா, காய்ந்ததுதான் காரணமா என்று எப்படி அறிவது? பெல்ட் நின்றாலும் முன் ரோலர் சுற்றிக் கொண்டிருந்தால் ஓடும் பெல்ட் தளர்ந்திருக்கிறது. ரோலரும் நின்று மோட்டரின் சக்கரம் மாத்திரம் சுற்றினால் உள்ளே இருக்கின்ற வரிப் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. எல்லாமே சேர்ந்து முக்கி முனகினால் காய்ந்திருக்கிறது. இதைப் பார்ப்பதற்கு மூடியைத் திறந்துவைத்து ஓடவிட வேண்டும் என்பதால், தெரிந்த ஒருவர் பார்ப்பதே நல்லது. வீட்டுக்காரர் செய்யக் கூடாத வேலையை நான் இங்கே சொல்லித் தரப் போவதில்லை.

மூடியைத் திறந்து தூசு எடுப்பது வேறு விடயம். அதை வீட்டிலேயே செய்யலாம். ப்ளக்கைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் பொறுத்திருக்கவும். போர்ட்டில் இருக்கின்ற மின் தேக்கிகளில் கரண்ட் தங்கியிருக்கும் என்பதால் போர்ட்டைக் கையால் தொடவும் வேண்டாம். ஒரு காய்ந்த மென்மையான பெயின்ட் பிரஷும் தூசு உறிஞ்சியும் போதும். எனது வீட்டு இயந்திரத்தின் மூடியைத் திறந்தபோது பூனை முடி போன்ற தூசுக் கட்டியும், காய்ந்த பல்லியும், எறும்புப் புற்றின் மண்ணும் கிடைத்தன. இலங்கையில் எத்தனை மின் உபகரணங்கள் பல்லியாலும் எறும்பாலும் செத்திருக்கின்றன என்று ஒருவர் கணக்கெடுத்தால் நல்லது. கடற்கரை ஊர்களில் இதோடு உப்புக் காற்றும் சேரும். திறந்த பல்கனியில் ட்ரெட்மில் வைப்பவர்கள் அதைத் துருவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக் கொள்ளலாம்.

இயந்திரம் இயங்கவே இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சிவப்புச் சாவி. நூலில் கட்டி உடையில் கொளுவுகின்ற பாதுகாப்புச் சாவி அதனுடைய இடத்தில் சரியாக இல்லாவிட்டால் இயந்திரம் அசையாது. பல முறைப்பாடுகள் அத்துடனேயே தீர்ந்துவிடும். திரையில் எழுத்தும் இலக்கமுமாகப் பிழைக் குறியீடு வந்தால் அதன் பொருள் கம்பனிக்குக் கம்பனி மாறும், கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். மடித்து நிறுத்துகின்ற இயந்திரங்களில், திரையிலிருந்து கம்பத்தின் உள்ளே இறங்கி வருகின்ற வயர் நசிபட்டு இப்படி வருவதுண்டு. தொடங்கிச் சில செக்கன்களில் நின்று பிழை காட்டினால் வேகத்தை அளக்கின்ற சிறிய உணரி இடம் மாறியிருக்கலாம் அல்லது தூசு படிந்திருக்கலாம். இவை எதற்கும் போர்ட் மாற்றத் தேவையில்லை. "போர்ட் போய்விட்டது" என்று முதல் நிமிடத்திலேயே சொல்கின்ற பாஸிடம், எதை அளந்து பார்த்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இனி எமது தரப்புக்கு, அதாவது விற்பவர்களின் தரப்புக்கு வருகிறேன்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 4 குதிரை வலு, 6 குதிரை வலு என்று அச்சிட்டு வருகிறது. நாமும் அதைக் காட்டித்தான் விற்கிறோம். ஒரு குதிரை வலு 746 வொட். 6 குதிரை வலு என்றால் 4,476 வொட். எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட், சதுர முனை ப்ளக் 13 அம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2,990 வொட். அந்த ப்ளக்கால் வர முடியாத வலு மோட்டருக்கு எங்கிருந்து வருகிறது? அந்த இலக்கம் ஒரு கண நேர உச்ச வலு. தொடர்ச்சியாகத் தரக் கூடிய வலு வேறு, அது பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனாலும் எத்தனை வருடங்களாக நான் அந்தப் பெரிய எழுத்தைக் காட்டி விற்றேன்! ஆகக் கூடிய பாவனையாளர் எடை எவ்வளவு, தொடர் வலு எவ்வளவு என்ற இரண்டையும் வாங்குபவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும்.

ப்ளக் என்றதும் இன்னொன்று. பழைய வீடுகளில் இன்னும் வட்ட முனை 5 அம்பியர் சொக்கட்கள் இருக்கின்றன. அதில் மாற்றியைச் சொருகி, அதிலிருந்து மெல்லிய நீட்டு வயரை இழுத்து ட்ரெட்மில்லுக்குக் கொடுக்கிறார்கள். அந்த வயரின் சூட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளங்கும். சரியான எர்த் உள்ள தனிச் சொக்கட்டில் நேரடியாகப் போட வேண்டும். இடியும் மின்னலும் கூடுகின்ற ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பாவிக்காத நேரம் ப்ளக்கைக் கழற்றி வைத்தால் போர்ட் தப்பும்.

உதிரிப்பாகம் பற்றி நாம் சொல்கின்ற பெரிய பொய், "அது கம்பனி சாமான், வெளியில் கிடைக்காது" என்பது. போர்ட்டுக்கு அது பெரும்பாலும் உண்மை. மற்றவற்றுக்கு அப்படியல்ல. ரோலரின் பெயாரிங்கில் 6203 போன்ற ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இலக்கம் உலகம் முழுவதும் ஒன்றே: உள் விட்டம் 17 மில்லிமீற்றர், வெளி விட்டம் 40, அகலம் 12. பஞ்சிகாவத்தையில் பெயாரிங் விற்கின்ற கடையில் அந்த இலக்கத்தைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள், அது ட்ரெட்மில்லுக்கா மோட்டார் சைக்கிளுக்கா என்று அவர்கள் கேட்கப் போவதில்லை. உள்ளே இருக்கின்ற வரிப் பெல்ட்டிலும் 190 ஜே 6 என்பது போல் எழுதியிருக்கும். 19 அங்குல நீளம், ஜே என்ற வகை, ஆறு வரிகள் என்று பொருள். சலவை இயந்திரங்களில் வருவதும் பெரும்பாலும் இதே ஜே வகைதான், நீளமும் வரி எண்ணிக்கையும்தான் வேறுபடும். மோட்டரின் கார்பன் பிரஷ்ஷை அளவு பார்த்துத் தேடிக் கொள்ளலாம். சில இயந்திரங்களின் பலகை இரண்டு பக்கமும் பூசப்பட்டது, ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போடலாம். 2022இல் கப்பல் வராத காலத்தில் இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தால் எத்தனை பேரின் இயந்திரம் பழைய இரும்புக்குப் போகாமல் இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2003ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பிழையான தகவல் சொல்லி விற்றால் கேட்பதற்கு அதில் இடமுண்டு. ஆனால் எண்ணெய் போடச் சொல்லாத வியாபாரியைத் தண்டிக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அது எமது நாணயத்தைப் பொறுத்தது. அதோடு எமது இலாபத்தையும் பொறுத்தது என்று சொன்னால்தான் சில நண்பர்களுக்கு விளங்கும். கெட்டுப்போன ட்ரெட்மில் வீட்டில் நிற்கின்ற ஒவ்வொரு நாளும், வருகின்ற விருந்தாளிக்கெல்லாம் எமது கடையின் பெயர் சொல்லப்படுகிறது. அந்த விளம்பரத்துக்கு நாம் பணம் கொடுக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

மற்றுமொரு காரணமும் இருக்கிறது. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அது அபாயகரமான இயந்திரம். 2021 மே மாதத்தில் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தனது ட்ரெட் பிளஸ் இயந்திரங்களில் சுமார் 125,000ஐத் திரும்ப அழைத்தது. பின்பக்கத்தால் பிள்ளைகள் அடியில் இழுபட்ட சம்பவங்கள் நடந்து, ஒரு குழந்தை இறந்தும் இருந்தது. அது ஒரு கம்பனியின் ஒரு மாதிரி. ஆயினும் ஓடுகின்ற பெல்ட்டும் சுற்றுகின்ற ரோலரும் எல்லா ட்ரெட்மில்லிலும் உண்டு. நடந்து முடிந்ததும் சிவப்புச் சாவியைக் கழற்றி உயரத்தில் வைத்து, ப்ளக்கையும் கழற்றிவிட வேண்டும். பின்பக்கம் சுவரோடு முட்டாமல், விழுந்தாலும் நசிபடாத அளவு வெற்றிடம் இருக்க வேண்டும். நாம் பூட்டிக் கொடுக்க அனுப்புகின்ற பையன்கள் இடம் போதாதென்று சுவரோடு தள்ளி வைத்துவிட்டு வருகிறார்கள். அதைச் சொல்லிக் கொடுக்காதது யார்?

இப்போது எனது கடையில் ஒரு சிறிய ஏற்பாடு செய்திருக்கிறேன். ட்ரெட்மில் வாங்குகின்றவருக்கு ஒரு போத்தல் சிலிக்கோன் எண்ணெய் கையில் கொடுக்கிறோம், விலைக்குள் அடக்கம். பூட்டப் போகின்ற பையன், வீட்டில் யார் அதில் நடக்கப் போகிறாரோ அவர் முன்னிலையில் எண்ணெய் விட்டுக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். அநேகமான வீடுகளில் வாங்குகின்றவர் ஆண், நடக்கின்றவர் பெண். சொல்லிக் கொடுப்பதெல்லாம் ஆணுக்கு, வருத்தம் பெண்ணுக்கு என்பதால் இப்படி மாற்றினேன். பற்றுச்சீட்டுக் கொப்பியில் தொலைபேசி இலக்கத்தைக் குறித்துவைத்து, மூன்று மாதத்திற்கு ஒரு தடவை எண்ணெய் போட்டீர்களா என்று கேட்பதற்கு ஒரு பிள்ளை இருக்கிறார். ஆரம்பத்தில் சிலர் கடன் கேட்டு எடுக்கிறோம் என்று நினைத்துத் தொலைபேசியைத் துண்டித்தார்கள். அது வேறு கதை.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் வெளிநாடு போகும்போது தனது ட்ரெட்மில்லை என்னிடமே தந்துவிட்டுப் போனார். பழையதுதான். அந்தத் தம்பியை அழைத்துப் பெயாரிங் மாற்றி, பலகையைத் திருப்பிப் போட்டு எடுத்தோம். டீச்சரின் வீட்டுக்கு நானே போனேன். செலவான பணத்தை மாத்திரம் தந்தால் போதும், அதுவும் வசதிப்படும்போது என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. இயந்திரம் நின்ற பழைய மூலையைச் சற்று நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். அங்கே இப்போது ஒரு தையல் மெசின் இருக்கிறது.

"சரி ஹாஜியார், அனுப்புங்க" என்றார் கடைசியில். "ஆனா முதல்ல அந்த எண்ணெ போத்தல கொண்டு வாங்க, பாப்பம்."